நூற்றுக்கு இரண்டு

தொழிற்சாலை மூடியபோது கைக்கு வந்த பணத்தில்
மற்றவர்கள் கடன் அடைத்தார்கள், ஃபிரிட்ஜ் வாங்கினார்கள்.
நான் ஒரு கேரவன் வாங்கினேன்.
அமன்சிம்டோட்டியில், மிஸஸ் ஓடென்டால் வீட்டின் பின்புறம்,
வாழைக்கன்றுகளுக்கு நடுவே
பாதி புதைந்து கிடந்தது,
அவித்து உரிக்க மறந்த முட்டை மாதிரி.
கதவைத் திறந்ததும் உள்ளிருந்த பல்லி
எங்களை ஏற இறங்கப் பார்த்தது.

"வீட்டுக் கூரையே ஒழுகுது" என்றார் தயாளன்.
ஒழுகத்தான் செய்கிறது.
நடைவழியில் வாளி,
படுக்கையறையில் பிரியாணிச் சட்டி.
நான் பதில் பேசவில்லை.
பக்கத்து வீட்டு லுங்கா தன் வண்டியில் கட்டி இழுத்தான்.
சாட்ஸ்வர்த் மேட்டில் ஊர்ந்து ஏறியபோது
பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள்.
கல்யாண ஊர்வலம்தான், போங்கள்.

பிசின் டப்பாவில் எழுதியிருந்தது:
நூறு பங்குக்கு இரண்டு பங்கு கெட்டியாக்கி.
ஜனவரி வெயில். என் கையோ
ரசத்துக்கு உப்புப் போட்டுப் பழகிய கை.
ஐந்தே நிமிடத்தில் கோப்பை புகைந்தது,
பிடித்திருந்த பிரஷோடு சேர்ந்து கல்லாய்ப் போனது.
இன்னும் சமையலறை ஜன்னலில் நிற்கிறது அது,
யாரும் ஏற்றாத கொடிமரம்.
மறுநாள் பயந்து ஒன்றே ஒன்று ஊற்றினேன்.
மூன்று நாள் கழித்தும் விரலில் பாகாய் இழுத்தது.

தேய்த்தால் தூள் பறக்கும்.
கழுத்தில், முழங்கை மடிப்பில்
கண்ணுக்குத் தெரியாத ஊசிகள்.
இருபத்தாறு வருடம் ஊசியோடு குடித்தனம் நடத்தியவள் நான்,
நாளைக்கு நானூறு காலர்.
இந்த ஊசிக்குக் காது இல்லை,
எதையும் தைக்காது, குத்த மட்டும் தெரியும்.
மின்சாரம் போன மணிநேரங்களில் கையாலேயே தேய்த்தேன்.
ஒரு குரங்கு ஸ்பாஞ்சைத் தூக்கிக்கொண்டு மாமரம் ஏறி
கடித்துப் பார்த்துவிட்டு
என் தலைமேலேயே எறிந்தது.

தரைப் பலகை உளுத்திருந்தது, பெயர்த்தெடுத்தேன்.
இருக்கைப் பெட்டிக்கு அடியில்
மடித்த ரசீது ஒன்று.
கடற்கரை முகாம், டிசம்பர் எழுபத்தெட்டு, பத்து இரவுகள்.
பெரியவர்கள் இரண்டு. குழந்தைகள் மூன்று.
நாய் ஒன்று.

அந்த டிசம்பர் எனக்கு ஏழு வயது.
அப்பாவின் கார் அந்த வாசலைக் கடந்து
நமக்கென்று ஒதுக்கிய பாறைக் கரைக்குப் போனது.
பின்சீட்டில் நான் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
ஒரு நாய், நன்றாக நினைவிருக்கிறது,
பந்தை வாயில் கவ்வியபடி ஓடியது.
அது இந்த நாயாக இருக்க வேண்டியதில்லை.

தயாளன் வாங்கிப் படித்தார்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நாய்க்கு எவ்வளவு போட்டிருக்கான்?"
"இலவசம்."
அவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
பிறகு மெல்லக் கேட்டார், "அடுத்த கோட்டிங் எப்போது?"

கண்ணாடி இழைப் பாய் வெள்ளையாய், தடித்த பஞ்சாய் இருக்கும்.
பிசின் ஊறினால் வெண்மை போய்
அடியில் இருப்பது தெரியும்.
கதவோர ஓட்டையை அடைத்தபோது
ரசீதை உள்ளே வைத்து மேலே பாயைப் போர்த்தினேன்.
நூற்றுக்கு இரண்டு, இந்த முறை சரியாக.
காற்றுக் குமிழிகளைப் பிரஷால் குத்திக் குத்தி விரட்டினேன்.
எழுத்துகள் ஒவ்வொன்றாய் மேலே வந்தன.
சுற்றிலும் பெயின்ட் அடித்தேன்,
அந்த உள்ளங்கை அளவை மட்டும் விட்டுவிட்டு.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கெர்ஷினி வீடியோவில் பார்த்தாள்.
"மம், அதைக் கிழித்துப் போட்டிருக்கலாமே."
போட்டிருக்கலாம்.
மெத்தை உறையைக் காட்டினேன், மஞ்சளில் ஆரஞ்சுக் கோடு,
காலர் தைத்த அதே மிஷின்.
அதைப் பிடித்திருக்கிறது என்றாள்.

மார்ச்சில் மழை வந்தது, ராத்திரி இரண்டு மணிக்கு.
தலையணையோடு ஓடிப்போய் உள்ளே உட்கார்ந்தோம்.
டார்ச் அடித்து மூலை மூலையாய்ப் பார்த்தேன்.
கூரை, ஜன்னல் ரப்பர், ஆணி வரிசை.
வீட்டுக்குள்ளிருந்து பிரியாணிச் சட்டி
டிங், டிங் என்றது.

இங்கே ஒரே ஒரு இடம்.
அடுப்புக்கு மேலே, காற்றுப் போக்கியின் விளிம்பில்
ஒரு துளி திரண்டு தொங்கியது.
விழவில்லை. விழாமலும் இல்லை.
தயாளன் விரலை நீட்டி அதைத் தொட்டார்.
"நாளைக்கு" என்றேன்.
அவர் ஏற்கெனவே கால் நீட்டிப் படுத்துவிட்டார்,
கதவோரப் பக்கம் எனக்கு விட்டு.